பதினெட்டு டிகிரி

ஏலகிரி கோடை விழாவில் நூற்றைம்பது ரூபாய்.
கறுப்புப் பையில் போட்டுத் தரும்போதே
அத்தனாவூர் நர்சரிக்காரர் கேட்டார்:
"குளிர்ல நிக்கிற சாதி இது. வேலூருக்கா கொண்டுபோற?"
பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள்
என் மடியில் நாலு இதழ்.

கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள் மொட்டு கருகியது.
கொசப்பேட்டையில் எங்களுக்குத் தகரக் கூரை.
தொட்டிக்கு ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டே
பானுமதி சொன்னாள்:
"உன் ரூம்லதான் ஏசி இருக்கே."

என் ரூம் என்பது
ஆற்காடு ரோட்டில் ஒரு ஏடிஎம்.
ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு.
எனக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி,
மெஷினுக்கு உள்ளே பதினெட்டு டிகிரி.
பணத்துக்கு வியர்க்கக் கூடாதாம்.

குப்பைக்கூடைக்கும் சுவருக்கும் நடுவே,
கேமராவுக்கு எட்டாத மூலை என்று நான் நம்பிய இடத்தில்
தொட்டியை நகர்த்தினேன்.
பகலெல்லாம் பக்கத்து ஜெராக்ஸ் கடையின் அரைநிழல்,
ராத்திரிக்கு ஏலகிரி.
ஏசி குழாய் சொட்டுவதுதான் பாசனம்.
ஆடியில் கிளம்பியது பாருங்கள் அடியிலிருந்து ஒரு தண்டு!
முழங்கை உயரம், எண்ணெய் தேய்த்த பச்சை.
போட்டோ எடுத்து அனுப்பினேன் பானுமதிக்கு.
பூ மட்டும் இல்லை.

அந்தத் தெருவுக்கு ராத்திரி கிடையாது.
ஆஸ்பத்திரி எதிரே லாட்ஜுகளில்
கொல்கத்தா விழித்திருக்கும், அகர்தலா விழித்திருக்கும்.
ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து
பத்தாயிரம், மறுபடி பத்தாயிரம்.

ஆவணியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு,
ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருந்தவர்
எடுத்த பணத்தை எண்ணவில்லை.
குந்தி உட்கார்ந்து இலையை எண்ணினார்.
காம்புக்கு ஏழு.
உதட்டைப் பிதுக்கினார்.
என் இந்தியும் அவர் இந்தியும்
ஒன்றையொன்று தாங்கி நொண்டி வந்த சேதி:
இது ரோஜா இல்லை, ரோஜாவின் கால்.
ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டுச்செடி கிளம்பி
மேலே உள்ளதைப் பட்டினி போடுகிறது.

மேலே உள்ளது காய்ந்த குச்சிதானே என்றேன்.
இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினார்.
தூங்குகிறதாம்.
தவாங்கில் பனி இறங்குமுன் ஒரு சாண் விட்டு வெட்டி
மண்ணும் வைக்கோலும் கழுத்துவரை குவிப்பார்களாம்.
பனி உருகும்வரை
கிளறிப் பார்க்கக் கூடாதாம்.
சொல்லும்போது அவர் கண்
கண்ணாடிக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில்,
நாலாம் மாடி ஜன்னல் ஒன்றில் இருந்தது.

பிறகு என்னைக் கேட்காமலே
அந்தப் பச்சைத் தண்டை அடியோடு பிய்த்தார்.
வெட்டினால் திரும்ப வரும், பிடுங்கத்தான் வேண்டும்.
எனக்குக் கோபம்தான்.
இரண்டு மாசம் நான் பார்த்து மகிழ்ந்தது.

அதற்கப்புறம் ஐந்து ராத்திரி வந்தார்.
பத்தாயிரம், நாலாயிரம்,
கடைசியில் ஐந்நூறு.
ஊருக்குப் போயிருப்பார்.
தனியாகவா என்பது தெரியாது.

புரட்டாசியில் பேங்கிலிருந்து மெமோ:
"பண இயந்திர அறையில் தாவரம் வைத்திருந்தது குறித்து
மூன்று நாட்களுக்குள் விளக்கம்."
கேமராவுக்கு எட்டியிருக்கிறது.
தொட்டி வெளியே வந்தது, என் நாற்காலிக்குப் பக்கத்தில்.

மார்கழி. கோட்டை அகழிப் பக்கமிருந்து
விடிகாலையில் கொஞ்சம் பனி, மங்கி குல்லா மாட்டுகிற அளவு.
ஒட்டுக்கு ஒரு விரற்கடை மேலே
அரிசி நுனி அளவில் சிவப்பு.
கிளறவில்லை.
ஒன்பதாம் நாள் விரிந்தது, காம்புக்கு ஐந்து இலை.

நர்சரியில் ஒவ்வொரு செடிக்கும் பெயர்ச்சீட்டு உண்டு.
இதற்கு நான் குச்சியில் செருகியிருப்பது
அவர் கூடையில் போட்டுவிட்டுப் போன ரசீது.
அதில் பெயர் இல்லை,
கார்டின் கடைசி நாலு எண் மட்டும்.
வெயில் பட்டு அச்சு வெளுக்கிறது.
முதலில் போனது இருப்புத் தொகை.
எண் இன்னும் தெரிகிறது.